முதலில் தட்டு, அப்புறம் கோப்பை: பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ பிரான்சுக்கு வந்த புதிதில் நம் ஆட்கள் பலர் சாப்பாட்டில்தான் தடுமாறுகிறார்கள். காலையில் வெறும் காபி, மதியம் கைக்குக் கிடைத்த சாண்ட்விச், இரவு பத்து மணிக்கு மலைபோல் சோறு. வாரக்கடைசியில் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டால் வெறும் வயிற்றில் இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் இடுப்புப் பட்டையில் இன்னொரு ஓட்டை போட வேண்டியதாகிவிடுகிறது. வெண்ணெயும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒயினும் எடுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் மட்டும் எப்படி அளவான உடம்போடு இருக்கிறார்? அவர் எப்போது சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், எந்த வரிசையில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. ஒயினில் தேடினால் கிடைக்காது.

2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூடி உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறி, பேசிக்கொண்டே சாப்பிடும் வழக்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு முறையும் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. இரண்டிலும் ஒயினுக்கு ஓர் இடம் உண்டு; அது சாப்பாட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக. நானும் அந்த வரிசையில்தான் சொல்லப்போகிறேன். மது தொடாதவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர்களுக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

நேரத்தைப் பிடியுங்கள்

முதல் இரண்டு வாரம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மாற்றவே வேண்டாம். எப்போது என்பதை மட்டும் மாற்றுங்கள். இந்த நாட்டில் மதியச் சாப்பாடு 12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். சிறிய ஊர்களில் 2 மணி தாண்டினால் உணவகத்தில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டு. நடுவில் நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுப்பார்கள். பெரியவர்கள் பொதுவாக எதையும் கொறித்துக்கொண்டே இருப்பதில்லை. இந்தக் கடிகாரத்துக்குள் நீங்கள் வந்துவிட்டால் இரவு பத்து மணிப் பசி தானாகக் குறையும்.

உட்கார்ந்து சாப்பிடுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால், பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேலேதான் சாப்பிடுகிறார். மாணவராக இருந்தால் க்ரூஸ் என்ற அரசு மாணவர் நல அமைப்பு நடத்தும் பல்கலைக்கழக உணவகத்தைத் தவறவிடாதீர்கள். மானிய விலையில் முதலில் ஒரு சாலட், பிறகு முக்கிய உணவு, கடைசியில் தயிரோ பழமோ என்று முழுச் சாப்பாடே கிடைக்கும். அந்தத் தட்டு உங்களுக்கு ஒரு பாடமும்கூட.

தட்டில் என்ன, எவ்வளவு

பிரான்சின் பொதுச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட உணவுப் பரிந்துரைகள் எளிமையானவை. நாளுக்கு ஐந்து பங்கு காய்கறியும் பழமும். பருப்பு, பயறு வகை வாரத்துக்கு இரண்டு முறையாவது. மீன் வாரம் இரண்டு முறை, அதில் ஒன்று மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன். தினமும் ஒரு சின்னக் கைப்பிடி உப்பில்லாத பாதாம், அக்ரூட் மாதிரியான கொட்டைகள். நாளுக்கு ஒரு வேளையாவது தவிடு நீக்காத தானியம். மாடு, பன்றி, ஆட்டு இறைச்சி வாரத்துக்கு 500 கிராமுக்குள், ஹாம், சாசேஜ் போன்ற பதப்படுத்தியவை 150 கிராமுக்குள்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஒரு தெம்பு வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது பருப்பு சாப்பிடுங்கள் என்று ஓர் அரசு தன் மக்களைக் கேட்டுக்கொள்கிறது. நம் வீட்டில் அது தினசரி. நம் குறை வேறு இடத்தில். சோறு தட்டில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது, காய் ஓரத்தில் ஒரு கரண்டி. இதைத் திருப்பிப் போடுங்கள்: பாதித் தட்டு காய், கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, மீதிக் கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, கோழி. சோறும் ரொட்டியும் ஒரே வேளையில் வேண்டாம், இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும்.

காய் வாங்க வாரச் சந்தைக்குப் போங்கள். ஒவ்வொரு ஊரிலும் குறிப்பிட்ட நாளில் காலையில் கூடும்; கடை கட்டும் நேரத்தில் போனால் விலையும் இறங்கும். குளிர்காலத்தில் லீக்ஸ் (வெங்காய இனத்து நீளத் தண்டு), கேரட், முட்டைக்கோஸ், பூசணி. கோடையில் தக்காளி, கத்தரி, சுக்கினி, பீன்ஸ். பாரிசில் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் தெருக்களில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் கீரையும் வெண்டையும் கிடைக்கும். மனசுக்கு அது தேவைதான். ஆனால் விமானத்தில் வந்த காயின் விலையில் தினசரிச் சமையலை நடத்த முடியாது. லீக்ஸை மெல்லிசாக நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்து பாருங்கள். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். இங்குள்ள பசலையில் கீரை மசியல் அருமையாக வரும்.

ஒரே ஒரு உள்ளூர்ச் சமையலைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது பயறு சாலடாக இருக்கட்டும். நடு பிரான்சில் ஓத் லுவார் மாவட்டத்தில் லெ புய் ஊரைச் சுற்றி எரிமலை மண்ணில் விளையும் கரும்பச்சைப் பயறுக்கு 1996 முதல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. நம் மைசூர் பருப்பின் இனம்தான், தோலோடு இருப்பது. ஊறவைக்க வேண்டியதில்லை, வெந்தாலும் குழையாது. இருவருக்கு 150 கிராம் பயறு. மூன்று பங்கு தண்ணீரில் போட்டு 20 முதல் 25 நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும், உப்பைக் கடைசியில் போடுங்கள். வேகும்போதே ஒரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி திஜோன் கடுகு விழுது, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். வடித்த பயறு சூடாக இருக்கும்போதே இதை ஊற்றிக் கிளறினால் சாறு உள்ளே இறங்கும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பார்ஸ்லி, மேலே அவித்த முட்டை. மறுநாள் அலுவலக டப்பாவில் இன்னும் ருசியாக இருக்கும். ஒரு பச்சை மிளகாய் அரிந்து போட்டால் நான் தடுக்க மாட்டேன், எனக்கும் அப்படித்தான் பிடிக்கும்.

எண்ணெய்க்கு ஆலிவும் கோல்ஸாவும் (கனோலா வகை) போதும். மீன் விலை மலைக்க வைத்தால் டப்பாவில் அடைத்த மத்தியை எடுங்கள், சத்தில் குறைவில்லை. பாலாடைக்கட்டி சாப்பிடலாம், ஒரு வேளைக்கு 30 கிராம் துண்டு ஒன்று. பொட்டலம் வாங்கும்போது முகப்பில் உள்ள நியூட்ரி ஸ்கோர் என்ற சத்துத் தர எழுத்தைப் பாருங்கள், 2017-ல் இங்கே வந்த முறை அது, ஏ நல்லது, ஈ கடைசி. ஒரே வகைப் பொருள்களுக்குள் ஒப்பிட மட்டும் அது உதவும். வெளியே சாப்பிடும்போது சோடா வேண்டாம், கராஃப் தோ என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை உணவகங்கள் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

இந்த வழக்கம் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஒயின் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒயின் உடம்புக்கு நல்லதா?

இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தினமும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் ஏராளம். அதற்கு ஒரு கதை உண்டு. 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டும் அவர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று செர்ழ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பேசினார். அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைக் காரணம் காட்டினார்கள். ஆனால் ஒரு கிளாஸில் அது இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். மிதமாகக் குடிப்பவர்கள் பலர் வசதியானவர்கள், நன்றாகச் சாப்பிடுபவர்கள், நடப்பவர்கள் என்பதும், "குடிக்காதவர்" பட்டியலில் நோயால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள் என்பதும் பின்னால் தெளிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்துவிட்டது. மார்பகப் புற்றுநோயில் குறைந்த அளவுக்கும்கூடத் தொடர்பு தெரிகிறது. 2023 ஜனவரியில் அதே உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மது அளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஆகவே குடிக்காதவர் உடல்நலத்துக்காகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. குடிக்க விரும்புகிறவர் ருசிக்காகவும் கூட இருப்பவர்களுக்காகவும் குடிக்கிறார், அதற்குச் சிறிய ஆபத்து ஒன்றை ஏற்றுக்கொள்கிறார். அந்த ஆபத்தைச் சிறியதாகவே வைத்திருப்பதுதான் இனி வரும் யோசனைகளின் வேலை.

பிரெஞ்சுக்காரர்களும் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவகத்தில் ஒயின் கொடுக்கக் கூடாது என்ற தடை 1956-ல்தான் வந்தது. 1960 வாக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்த நாடு, இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை.

அளவைக் கையில் பிடிப்பது

பிரான்சின் பரிந்துரை 2017-லிருந்து இப்படி இருக்கிறது: வாரத்துக்கு அதிகபட்சம் 10 கிளாஸ், நாளுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, வாரத்தில் சில நாள் ஒன்றுமே இல்லை. இது உச்சவரம்பு, எட்ட வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் கனடாவில் வந்த வழிகாட்டுதல் வாரத்துக்கு இரண்டே பானம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வாரக்கடைசியில் ஒரு கிளாஸ், விருந்து என்றால் இரண்டு.

இதில் "கிளாஸ்" என்பதுதான் ஏமாற்றும். கணக்கில் உள்ள கிளாஸில் 10 கிராம் சுத்த ஆல்கஹால், அதாவது 12 சதவீத ஒயின் 100 மில்லி. வீட்டில் இருக்கும் பெரிய ஒயின் கிளாஸில் கண்ணளவாக ஊற்றினால் சுலபமாக 200 மில்லி போய்விடும். பாட்டிலில் 14 சதவீதம் என்று போட்டிருந்தால் அந்த ஒன்றே இரண்டு கிளாஸுக்கு மேல். அதனால் முதல் முறை சமையலறை அளவுக் குவளையில் 100 மில்லி தண்ணீர் எடுத்து உங்கள் ஒயின் கிளாஸில் ஊற்றி, அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டில் ஒன்றில் இப்படி ஏழரை கிளாஸ் இருக்கிறது.

கலோரியும் உண்டு, ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7. எடையைக் குறைக்க முயல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குடிப்பது சாப்பாட்டுடன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உணவு இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு மெதுவாக இறங்குகிறது, ரத்தத்தில் ஏறும் வேகமும் குறைகிறது. பக்கத்தில் தண்ணீர் கிளாஸ் ஒன்று எப்போதும் நிறைந்திருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர், ருசிக்கு ஒயின்.

முதல் பாட்டில்

ஐந்து முதல் பத்து யூரோவுக்குள் நல்ல ஒயின் கிடைக்கும் நாடு இது. விலை உயர்ந்ததில் தொடங்க வேண்டியதில்லை. சிறிய ஒயின் கடைக்குப் போய், இன்ன சாப்பாட்டுக்கு, இவ்வளவு பட்ஜெட் என்று சொன்னால் கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துத் தருவார். லேபிளில் செக் என்றால் இனிப்பில்லாதது, தெமி செக் லேசான இனிப்பு, முவாலோ நல்ல இனிப்பு. ஏஓபி என்பது குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட முறை என்ற உத்தரவாதம். ருசிக்கான மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக இருப்பவர்கள் 375 மில்லி அரைப் பாட்டில் வாங்குவது நல்லது. திறந்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பலர் அளவைத் தாண்டுகிறார்கள். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும், சிவப்பு ஒயினும்தான்.

நம் சமையலுடன் எது சேரும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டிக் காட்டும். துவர்ப்பு மிகுந்த கனமான போர்தோ சிவப்பு, கோழிக் குழம்போடு சேர்ந்தால் நாக்கில் கசப்பும் எரிச்சலும்தான் மிஞ்சும். காரமான சாப்பாட்டுக்கு அல்சாஸ் பகுதியின் வெள்ளை ஒயின்களான ரீஸ்லிங் அல்லது லேசான இனிப்புள்ள கெவுர்ஸ்ட்ரமினர் எடுங்கள், சில்லென்று. புளி ஊற்றிய மீன் குழம்புக்கு அதே அளவு புளிப்புள்ள வெள்ளை வேண்டும், லுவார் பகுதியின் சோவிஞோன் பிளான் நின்று பிடிக்கும். மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவலுக்கு பொழொலே போன்ற மெல்லிய சிவப்பு, கொஞ்சம் குளிர்வித்து. சூடான மெதுவடையும் க்ரெமான் நுரை ஒயினும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். ரசத்துக்கும் தயிர்ச்சோற்றுக்கும் எந்த ஒயினும் வேண்டாம், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்குப் போகும்போது

சாப்பாட்டுக்கு முந்தைய அப்பெரோ நேரம்தான் சிக்கலான இடம். ஏழு மணிக்கு அழைத்திருப்பார்கள், சாப்பாடு ஒன்பதுக்கு வரும், நடுவில் ஒயினும் சிப்ஸும் மட்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிளாஸ் காலியானால் விருந்தளிப்பவர் நிரப்புவது இங்கே மரியாதை. போதும் என்றால் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். குடிப்பதே இல்லை என்றால் "நோ(ன்), மெர்சி" என்று சொல்லிப் பழச்சாறு கேளுங்கள். காரணம் சொல்லும் கடமை உங்களுக்குக் கிடையாது. 2020 முதல் ஜனவரி மாதம் முழுக்க மது தொடாமல் இருக்கும் இயக்கமும் இங்கே நடக்கிறது, அதனால் மறுப்பதை விநோதமாகப் பார்ப்பதும் குறைந்து வருகிறது.

கார் ஓட்டப்போகிறவர் குடிக்கவே வேண்டாம். சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2, அதாவது ஒரே கிளாஸில் மாட்டிக்கொள்ளலாம். உடம்பு ஒரு மணி நேரத்தில் 0.10 முதல் 0.15 கிராம்வரைதான் கழிக்கும். காபியும் குளிர்ந்த நீரில் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டாது.

யார் தொடவே கூடாது

கர்ப்பிணிகள், கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள்: ஒரு துளியும் வேண்டாம். 2007 முதல் பிரான்சில் பாட்டிலிலேயே இந்த எச்சரிக்கைப் படம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் அப்படியே.

நீரிழிவு நம் குடும்பங்களில் அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர் குடித்தால், கல்லீரல் மதுவைக் கழிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டு சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைத்துவிடும். பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்பதுதான் இதில் பெரிய பயம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் 2004-ல் சொன்னார்கள். ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். வந்த முதல் ஆண்டிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குடும்பத்தில் அப்பாவோ சித்தப்பாவோ குடியால் அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு "மிதமாக" என்ற சொல் பொருந்தாமல் போகலாம், விலகியே இருப்பது அவர்களுக்கு நல்ல முடிவு. தனிமை, குளிர், ஐந்து மணிக்கே இருட்டுகிற டிசம்பர் இவற்றைச் சமாளிக்கத் தனியாகக் குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றாலோ, வார நடுவிலும் கை பாட்டிலைத் தேடுகிறது என்றாலோ, தள்ளிப்போடாமல் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். அல்கூல் அன்ஃபோ செர்வீஸ் என்ற பொது உதவித் தொலைபேசியில் பெயர் சொல்லாமலே பேசலாம். பிரெஞ்சு தடையாக இருந்தால் மொழி தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.